இரண்டு ஆண்டுகள் கையில் இருக்க, மஹிந்த ஏன் தேர்தலுக்குப் போனார்?

இலங்கை ஜனாதிபதியாக இருந்த மஹிந்த ராஜபக்ஷவுக்கு 2016 நவம்பர் வரை பதவிக்காலம் இருந்தது. இருந்தும் 2015 ஜனவரி 8ஆம் திகதியே தேர்தலை வைத்துத் தோற்றார். சோதிடர் பேச்சைக் கேட்டுக் கெட்டாரா, பொறுத்திருந்தால் வென்றிருப்பாரா என்பதுதான் கேள்வி. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இது ஒரு மனிதரின் அவசரத்தோடு முடிகிற கதை இல்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்கூட்டியே தேர்தலுக்குப் போனதில் அவர் கணக்குப் பிழைக்கவில்லை. அவர் நிலையில் யார் இருந்திருந்தாலும் ஏறக்குறைய அதே காலத்தைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள். எதிரே யார் நிற்பார் என்பதில்தான் அவர் கணக்குப் பிழைத்தது. இலங்கை அரசியலமைப்பு, பதவியில் இருக்கும் ஜனாதிபதிக்குத் திகதி குறிக்கும் வசதியைக் கொடுத்தது. ஆனால் ஒரு தவணையில் அதை அவர் ஒருமுறைதான் பயன்படுத்தலாம். தேர்தல் பிரகடனத்தில் கையெழுத்து விழுந்த நிமிடத்திலிருந்து எதிரணிக்குத்தான் வசதி. அவர்கள் திகதியைப் பார்த்துவிட்டு ஆளை முடிவு செய்யலாம். ஆளைப் பார்த்துவிட்டு ஜனாதிபதி திகதியை மாற்ற முடியாது.

இந்த வசதி 1978 அரசியலமைப்பில் முதலில் இருக்கவில்லை. ஆறு ஆண்டுப் பதவிக்காலம், அது முடியும்போது தேர்தல், அவ்வளவுதான். ஜே.ஆர். ஜயவர்தன 1982 ஆகஸ்டில் மூன்றாவது திருத்தத்தைக் கொண்டுவந்தார். முதல் பதவிக்காலத்தில் நான்கு ஆண்டுகள் முடிந்ததும், இரண்டாவது தவணைக்கு மக்கள் ஆணையைக் கேட்டு ஜனாதிபதி தேர்தலை அறிவிக்கலாம் என்றது அந்தத் திருத்தம். பாராளுமன்றத்தில் ஆறில் ஐந்து பங்கு பெரும்பான்மை கையில் இருந்ததால் நிறைவேற்றுவது சிரமமாக இருக்கவில்லை. அந்த ஒக்டோபர் 20ஆம் திகதியே தேர்தல் நடந்தது. ஜே.ஆருக்கு 52.91 சதவீதம்.

அவர் ஏன் அப்போது போனார் என்பதைக் கவனிக்க வேண்டும். அவரை எதிர்க்கக்கூடிய ஒரே பெரிய பெயரான சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமை 1980 ஒக்டோபரிலேயே ஏழு ஆண்டுகளுக்குப் பறிக்கப்பட்டிருந்தது. அவரது சுதந்திரக் கட்சி உள்ளுக்குள் பிளந்து கிடந்தது. சிறிமாவுக்குப் பதிலாக நின்ற ஹெக்டர் கொப்பேகடுவவுக்குச் சொந்தக் கட்சித் தலைமையின் முழு ஆதரவுகூடக் கிடைக்கவில்லை. அப்படியும் அவர் 39 சதவீதம் எடுத்தார். ஜே.ஆர். முதலில் எதிராளியை அகற்றினார், பிறகுதான் திகதியைத் தேடினார். அந்த வரிசை முக்கியம். வென்ற கையோடு டிசம்பரில் சர்வஜன வாக்கெடுப்பு ஒன்றை வைத்து, பொதுத் தேர்தலே இல்லாமல் பாராளுமன்றத்தின் ஆயுளையும் ஆறு ஆண்டுகளுக்கு நீட்டிக்கொண்டார். தேர்தல் திகதியை ஆட்சியாளரின் சொத்தாக்கியதில் அவரைப் போல வேறு யாரும் இந்த நாட்டுக்குத் தீங்கு செய்ததில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1983க்குப் பிறகு நாடு எரிந்த ஆண்டுகள் முழுவதும் 1977இல் தெரிவான பாராளுமன்றமே இருந்தது என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம்.

அடுத்து அந்த வசதியைத் தொட்டவர் சந்திரிகா குமாரதுங்க. 1994 நவம்பரில் 62 சதவீத வாக்கோடு வந்தவர், ஆறு ஆண்டுகள் முடிய இன்னும் பத்துப் பதினொரு மாதங்கள் இருக்கையில், 1999 டிசம்பர் 21ஆம் திகதி தேர்தலுக்குப் போனார். போர்முனையில் செய்தி நன்றாக இல்லை. நவம்பரில் வன்னியில் இராணுவம் பெரும் பின்னடைவைச் சந்தித்திருந்தது. வாக்களிப்புக்கு மூன்று நாள் முன்பு கொழும்பு நகர மண்டபக் கூட்டத்தில் குண்டு வெடித்து அவரது வலக்கண் பார்வை போனது. 51.12 சதவீதத்தில் வென்றார். எதிர்த்து நின்ற ரணில் விக்கிரமசிங்கவுக்கு 42.71.

ஆனால் அந்த ஒரு வருட முந்துதலுக்கான விலையை அவர் 2005இல்தான் கொடுத்தார். முதல் தவணையில் மிச்சமிருந்த காலத்தையும் சேர்த்து 2006 கடைசி வரை இருக்கலாம் என்று அவர் தரப்பு வாதிட்டது. 2005 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம், அந்த டிசம்பரோடு காலம் முடிகிறது என்று தீர்ப்பளித்துவிட்டது. முன்னே எடுத்ததைப் பின்னே பிடித்துக்கொண்டார்கள். அதனால்தான் 2005 நவம்பர் 17ஆம் திகதி தேர்தல் வந்தது. அதில்தான் மஹிந்த ஜனாதிபதியானார்.

மஹிந்த இதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். அப்போது பிரதமரே அவர்தான். எனவே 2010இல் கவனமாக நடந்தார். 2009 மே மாதம் போர் முடிந்தது. அவரது காலம் 2011 நவம்பர் வரை இருந்தது. போர் வெற்றியின் அலை அடங்குவதற்குள், 2010 ஜனவரி 26ஆம் திகதி தேர்தலை வைத்தார். எதிரணி பொது வேட்பாளராக நிறுத்தியது அந்தப் போரை நடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவையே. வெற்றியில் அவரும் பங்காளி என்பதால் மஹிந்தவின் வாக்கைப் பிரிப்பார் என்று நினைத்தார்கள். பிரிக்கவில்லை. மஹிந்தவுக்கு 57.88 சதவீதம், பொன்சேகாவுக்கு 40.15. அதன்பின் உயர் நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டு, இரண்டாவது தவணை 2010 நவம்பர் 19இல்தான் தொடங்கும் என்று உறுதி செய்துகொண்டார். ஜனவரியில் வென்றவருக்கு நவம்பர் வரை பழைய கணக்கிலேயே பத்து மாதங்கள் கிடைத்தன. சந்திரிகாவுக்குப் போன இடத்தில் அவருக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 18ஆவது திருத்தம் வந்து, இரண்டு தவணைதான் என்ற வரம்பும் எடுக்கப்பட்டது; முன்கூட்டியே தேர்தலுக்குப் போவது முதல் தவணைக்கு மட்டும் உரியது என்பதும் மாறியது.

2014க்கு வருவோம். 2010 நவம்பர் 19இல் தொடங்கிய தவணைக்கு நான்கு ஆண்டுகள் முடிவது 2014 நவம்பர் 18ஆம் திகதி. அன்று மஹிந்தவின் பிறந்தநாளும்கூட. பிரகடனம் வந்தது நவம்பர் 20. சட்டம் இடம்கொடுத்த கையோடு கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றால், முடிவு எவ்வளவு காலமாகத் தயாராக இருந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

சோதிடர் கதை இங்கேதான் நுழைகிறது. அவர் சோதிடத்தை நம்பியது ஒளிவுமறைவான விடயம் அல்ல. எந்த நாள், எந்த முகூர்த்தம் என்பதில் சோதிடரின் சொல் எடுபட்டிருக்கும். ஆனால் எந்தப் பருவத்தில் போவது என்பதை நாட்காட்டி முன்பே முடிவு செய்திருந்தது. பலரும் தவறவிடுவது இதைத்தான். அப்போதைய பாராளுமன்றம் 2010 ஏப்ரலில் தெரிவானது, ஆறு ஆண்டுக் காலம், 2016 ஏப்ரலில் முடிய வேண்டும். ஜனாதிபதியின் காலமோ 2016 நவம்பர் வரை. ஒன்றும் செய்யாமல் இருந்தால் பொதுத் தேர்தல் முதலில் வரும். இலங்கையில் ஜனாதிபதித் தேர்தலை வென்ற கட்சி அந்த வேகத்திலேயே பொதுத் தேர்தலையும் வென்றுவிடும். 2010இல் அவர் ஜனவரியில் வென்று ஏப்ரலில் பாராளுமன்றத்தையும் அள்ளியது அப்படித்தான். வரிசை தலைகீழானால், அவரது கூட்டமைப்பின் வெற்றிலைச் சின்னத்துக்குக் கீழே நிற்கிற ஒவ்வொரு எம்.பி.யும் தன் தொகுதியைத் தானே காப்பாற்ற வேண்டியிருக்கும். அதில் பலம் குறைந்தால், ஏழு மாதம் கழித்து வரும் ஜனாதிபதித் தேர்தலில் யார் எந்தப் பக்கம் பாய்வார்கள் என்று சொல்ல முடியாது. ஆக அவருக்கு உண்மையில் இருந்த இடைவெளி 2014 நவம்பரிலிருந்து 2016 தொடக்கம் வரைதான். ‘இரண்டு ஆண்டுகள் கையில் இருந்தன’ என்பது காகிதக் கணக்கு.

அந்த இடைவெளிக்குள் ஏன் முதல் நாளையே பிடித்தார்? ஊவா. 2014 செப்டம்பர் 20ஆம் திகதி நடந்த ஊவா மாகாண சபைத் தேர்தலில் அவரது கூட்டமைப்புதான் வென்றது. ஆனால் 2009இல் 72 சதவீதம் எடுத்த இடத்தில் இப்போது 51 சதவீதம். அரசின் முழு இயந்திரமும் பதுளையிலும் மொனராகலையிலும் இறங்கி வேலை செய்த பிறகு வந்த எண்ணிக்கை அது. அந்தச் செப்டம்பரிலேயே மின்கட்டணத்தையும் எரிபொருள் விலையையும் குறைத்தார்கள். ஒக்டோபர் வரவுசெலவுத் திட்டத்தில் சம்பள உயர்வும் சலுகைகளும் வந்தன. ஒக்டோபர் 13ஆம் திகதி யாழ்தேவி ரயில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது, ஜனாதிபதியே அதில் வந்திறங்கினார். இதோடு ஜெனீவா வேறு. 2014 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை போர்க்கால மீறல்கள் பற்றி ஒரு சர்வதேச விசாரணைக்கு உத்தரவிட்டிருந்தது, அறிக்கை 2015 மார்ச்சில் வருவதாக இருந்தது. சரிவு தொடங்கிவிட்டது, இன்னும் சரிவதற்குள் போய்விட வேண்டும் என்று ஓர் அரசியல்வாதி நினைத்தால் அதில் மூடநம்பிக்கை எதுவும் இல்லை. அளுத்கமையில் அந்த ஜூனில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறையைப் பார்த்தபின் அந்த வாக்குகள் திரும்பி வரும் என்று அவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

சரியான பருவம் என்றால் ஏன் தோற்றார்? வாக்கு எண்ணிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2010இல் மஹிந்த பெற்றது 60 இலட்சத்து 15 ஆயிரம் வாக்குகள். 2015இல் 57 இலட்சத்து 68 ஆயிரம். குறைந்திருப்பது இரண்டரை இலட்சம் மட்டுமே. எதிரணி 41 இலட்சத்து 73 ஆயிரத்திலிருந்து 62 இலட்சத்து 17 ஆயிரமாக ஏறியது. இருபது இலட்சம் கூடியிருக்கிறது. அவரது மூட்டையில் ஓட்டை விழுந்ததால் தோற்கவில்லை, எதிரே ஒரு புதிய மூட்டை சேர்ந்ததால் தோற்றார். தெற்கில் ஹம்பாந்தோட்டை, மாத்தறை, காலி எல்லாம் அவரிடமே இருந்தன. ஊவாவின் பதுளை மயிரிழையில் கைவிட்டுப் போனது. இந்த இருபது இலட்சத்தைச் சேர்க்கக்கூடிய ஆள் ஒருவர் எதிரணிக்குக் கிடைப்பார் என்பதுதான் அவர் கணக்கில் இல்லாதது.

எதிரே ரணில் நிற்பார் என்றே பொதுவாக எதிர்பார்க்கப்பட்டது. ரணிலை 2005இல் ஏற்கெனவே தோற்கடித்தவர் மஹிந்த. கிராமத்துச் சிங்கள வாக்காளரிடம் ரணிலுக்கு இருந்த எல்லை எல்லோருக்கும் தெரியும். அப்படியொரு போட்டிக்கு ஜனவரி 8 நல்ல நாள்தான்.

நவம்பர் 21ஆம் திகதி, பிரகடனத்துக்கு மறுநாள், மஹிந்தவின் கட்சியான சுதந்திரக் கட்சியின் பொதுச் செயலாளரும் அவரது சுகாதார அமைச்சருமான மைத்திரிபால சிறிசேன வெளியே வந்து, தானே பொது வேட்பாளர் என்று அறிவித்தார். முதல் நாள் இரவு ஜனாதிபதியோடு அமர்ந்து ஆப்பம் சாப்பிட்டவர் என்று நாடு முழுக்கப் பேசப்பட்டது. மஹிந்த தரப்பு அதைத் துரோகத்துக்குச் சாட்சியாக மேடை மேடையாகச் சொன்னது. நான் அதை வேறு விதமாகப் பார்க்கிறேன். சந்திரிகா, ரணில், மாதுளுவாவே சோபித தேரர் என்று எத்தனையோ பேருக்குத் தெரிந்திருந்த, பல வாரங்களாகப் பேசி முடித்த ஒரு முடிவு, அரச புலனாய்வை மீறி அந்த இரவு வரை வெளிவராமல் காக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தேர்தலின் மிகப் பெரிய சாமர்த்தியம் அந்த அமைதிதான். ஒரு வாரம் முந்திக் கசிந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? பிரகடனம் வந்திருக்காது. மைத்திரியின் மேல் ஏதாவது வழக்கு வந்திருக்கும், அல்லது பதவி ஒன்று காட்டிப் பேசி அமர்த்தியிருப்பார்கள். பிரதம நீதியரசரையே 2013 ஜனவரியில் பதவி நீக்கிய ஆட்சி அது. பிரகடனம் வெளியான மறுநாளில் அதில் எதையும் செய்ய அவகாசம் இல்லை. டிசம்பர் 8 வேட்புமனு, ஜனவரி 8 வாக்களிப்பு. திகதியை நெருக்கமாக வைத்தது எதிரணியைத் திணறடிக்கத்தான். அதே நெருக்கம் திரும்பி வந்து அரசாங்கத்தைத் திணறடித்தது.

மைத்திரி எடுத்த ஆபத்தை இன்று பலர் குறைத்துப் பேசுகிறார்கள். பின்னால் அவர் எப்படி ஆட்சி செய்தார் என்பது வேறு விடயம், அதில் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் வாக்களிப்பு முடிந்த இரவை குருணாகல் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில் குடும்பத்தோடு மறைந்து கழித்ததாக அவரே பிறகு சொன்னார். வென்றால் ஜனாதிபதி, தோற்றால் உயிருக்கே உத்தரவாதம் இல்லை என்ற நிலையில் ஒருவர் பெயர் கொடுக்கிறார் என்றால், அதை வெறும் பதவி ஆசை என்று தள்ளிவிட முடியாது. அவருக்கு அந்த வாய்ப்பு வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் வரக்கூடியது. பொலன்னறுவை விவசாயக் குடும்பத்துக்காரர், கட்சியில் யாருக்கும் பகை இல்லாதவர், மஹிந்தவின் வாக்காளர் கண்ணுக்கு அந்நியமாகத் தெரியாதவர். ராஜபக்ஷ குடும்பத்தில் அடுத்த வாரிசுகள் வரிசையில் நிற்கும்போது அவருக்குப் பிரதமர் பதவிகூடக் கிடைத்திருக்காது.

ரணிலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் போட்டியிடாமல் இருப்பதும் ஒரு முடிவுதான். 1999இல் தோற்றார், 2005இல் தோற்றார், 2010இல் ஒதுங்கிப் பொன்சேகாவுக்கு வழிவிட்டார், 2015இல் மைத்திரிக்கு. பெரிய கட்சி ஒன்றின் தலைவர் இரண்டாவது முறையும் வழிவிடுவது கட்சிக்காரருக்குக் கசப்பாகவே இருந்தது. ஆனால் ஜனவரி 9ஆம் திகதி மாலை, அதே மேடையில் அவர் பிரதமராகப் பதவியேற்றார். அவரது நீண்ட அரசியல் வாழ்க்கையில் மிகச் சரியான காலக்கணிப்பு, நிற்காமல் இருந்த அந்தத் தேர்தல்தான் என்பேன்.

இனி நமது, அதாவது தமிழரின் வாக்குகள். 2005இல் ரணிலுக்கும் மஹிந்தவுக்கும் இடையில் இருந்தது 1 இலட்சத்து 80 ஆயிரம் சொச்சம் வாக்கு. புலிகளின் புறக்கணிப்பால் யாழ்ப்பாணத்தில் வாக்களித்தோர் 1.2 சதவீதம் மட்டுமே. அந்த ஒரு நாள் இந்த நாட்டின் அடுத்த பத்து ஆண்டுகளைத் தீர்மானித்தது. 2015இல் யாழ்ப்பாணத்தில் மைத்திரிக்கு 74 சதவீதம், வன்னியில் 78, மட்டக்களப்பில் 81. மொத்த வித்தியாசம் 4 இலட்சத்து 49 ஆயிரம் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள், வடக்கும் கிழக்கும் இல்லாமல் அந்த வெற்றி இல்லை. இதிலும் ஒரு காலக்கணிப்பு இருந்தது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு தன் ஆதரவை வெளிப்படையாக அறிவித்தது டிசம்பர் 30ஆம் திகதி. தேர்தலுக்கு ஒன்பது நாள் முன்பு. எப்போதோ எடுத்திருக்கக்கூடிய முடிவுதான். முந்திச் சொல்லியிருந்தால், மைத்திரி நாட்டைப் பிரிக்க ஒப்பந்தம் போட்டுவிட்டார் என்று தெற்கில் ஒரு மாதம் முழுக்கப் பிரசாரம் நடந்திருக்கும். கூட்டமைப்பின் தலைவர் சம்பந்தன் ஐயா அந்த மாதம் காட்டிய பொறுமைக்கு அப்போது நம்மிடையே திட்டு வாங்கினார். எண்ணிக்கை வந்தபிறகு அது நியாயப்பட்டது.

பொறுத்திருந்தால் மஹிந்த வென்றிருப்பாரா என்ற கடைசிக் கேள்விக்கு வருகிறேன். வென்றிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். 2015 மார்ச்சில் ஜெனீவா அறிக்கை வந்திருந்தால் தெற்கில் ஒரு தேசபக்தி அலையை எழுப்பியிருக்கலாம் என்பார்கள், அது நியாயமான வாதம்தான். ஆனால் எதிரணியின் கூட்டு உருவாகும் வேலை 2014இலேயே முடிந்துவிட்டது. காத்திருந்தால் மைத்திரி இன்னும் ஓராண்டு அமைச்சரவைக்குள் இருந்திருப்பார். அவரோடு கிளம்பக் காத்திருந்தவர்கள் கூடியிருப்பார்களே தவிரக் குறைந்திருக்க மாட்டார்கள். அரசின் கூட்டாளியாக இருந்த ஹெல உறுமய கட்சி பிரகடனத்துக்கு முன்பே வெளியேறிவிட்டது. ஜனவரி 9 விடியற்காலையில், எல்லா முடிவுகளும் வருவதற்கு முன்பே தன் வாசஸ்தலமான அலரி மாளிகையைக் காலி செய்தபோது, தன் வாக்கு வங்கி அப்படியே இருப்பதை அவர் அறிந்திருந்தார். 2018 உள்ளூராட்சித் தேர்தலில் அவர் தரப்பின் புதிய கட்சியான தாமரை மொட்டு அடித்துத் தள்ளியது அதே வாக்குகளால்தான்.

அந்தச் சட்டம் இன்னும் முழுதாகப் போகவில்லை என்பதையும் கவனியுங்கள். 2015இல் 19ஆவது திருத்தம் தவணையை ஐந்து ஆண்டுகளாக்கியது, இரண்டு தவணை வரம்பையும் திரும்பக் கொண்டுவந்தது. ஆனால் முதல் தவணையில் நான்கு ஆண்டுகள் முடிந்ததும் மக்களிடம் போகலாம் என்ற ஏற்பாடு தொடர்கிறது. கோட்டாபய அந்த நான்காவது ஆண்டைத் தொடவே இல்லை. பாராளுமன்றம் தெரிவு செய்த ரணிலுக்கு அது கிடைக்கவில்லை. 2024 செப்டம்பர் 21ஆம் திகதி குறித்த காலத்தில் நின்று 17 சதவீதத்தோடு மூன்றாமிடத்துக்குப் போனார். அநுர குமார திசாநாயக்கவுக்கு அந்தக் கதவு 2028 செப்டம்பரில் திறக்கும். நிறைவேற்று ஜனாதிபதி முறையையே ஒழிப்பதாக வாக்குக் கொடுத்து வந்தவர் அவர். அந்த வாக்கைக் காப்பாற்றினால் அந்தக் கதவே இருக்காது. காப்பாற்றாவிட்டால், அந்தச் செப்டம்பருக்கு முன்பே எதிரணிகள் ஒரே பெயரில் ஒத்துப்போகின்றனவா என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அதிலும் வடக்கு கிழக்குக் கட்சிகள் எப்போது வாய் திறக்கின்றன என்பதை முதலில் பார்ப்பேன்.